பெரிய கண்ணாடியின் வாரிசு

ஒரே கோட்டில் இரண்டாம் தடவையும் கண்ணாடி வெட்டும் கட்டரை ஓட்டிவிட்டாள். ஓட்டும்போதே தெரிந்துவிட்டது. ஒரு கோட்டுக்கு ஒரே ஓட்டுதான், இரண்டாவது ஓட்டினால் கண்ணாடி கோட்டைக் கேட்காது. மேசை விளிம்பில் வைத்து அழுத்தியதும் கண்ணாடி கோட்டோடு பிளக்காமல் குறுக்கே ஓடி, நடுவில் ஒரு வளைவு போட்டு, இரண்டு துண்டும் எதற்கும் உதவாமல் போயிற்று.

"போச்சா?" எதிர்க்கடை வாசலிலிருந்து ஜெராக்ஸ்காரம்மா கேட்டாள். ஒரு வண்டி போனால் இன்னொன்று ஒதுங்கி நிற்க வேண்டிய தெரு. இந்தக் கடையில் மூச்சு விட்டால் அந்தக் கடையில் கேட்கும்.

"போச்சுக்கா."

"இன்னிக்கு உன்னை யாருடி வெட்டச் சொன்னா? விசாரணைக்கு ஆள் வர்ற நேரத்துல கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருக்க முடியாதா?"

"சும்மா இருந்தா இன்னும் நடுங்குது."

"எதுக்கு நடுங்கணும்? நீ என்ன திருடியா? பெத்த அம்மா செத்துப் போனா, பொண்ணு கேக்கறா. வந்து பாத்துட்டு கையெழுத்துப் போட்டுட்டுப் போகட்டும்."

அவள் உடைந்த துண்டுகளைப் பொறுக்கித் தகர டப்பாவில் போட்டாள்.

கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. தெருவில் யாரும் அதைப் படித்ததில்லை. தெரு தானாகவே பெயர் வைத்துக்கொண்டது. அம்மா பெரிய கண்ணாடி, மகள் சின்னக் கண்ணாடி. ஜன்னலுக்கு, அலமாரிக்கு, மீன்தொட்டிக்கு, படச்சட்டத்துக்கு என்று இந்தப் பக்கத்தில் எந்தக் கண்ணாடி நின்றாலும் அந்த இரண்டு பேரில் ஒருத்தி வெட்டியதாகத்தான் இருக்கும். போன மாதம் ஒரு காலையில் பெரிய கண்ணாடி வேலையை நிறுத்திவிட்டு முக்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். மகள் தம்ளரோடு வந்தபோது சுவரில் சாய்ந்திருந்தாள். முன்பக்கம் கடை, பின்பக்கம் இரண்டு அறை, மேலே ஒரு பரண். எல்லாம் அவள் சம்பாதித்து வாங்கியது, அவள் பெயரில் இருந்தது. உயில் எழுதவில்லை.

தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்று கேட்டார்கள். அது இருந்தால்தான் கடை இவள் பெயருக்கு மாறும். பள்ளிக்கூடச் சான்றில் தாய் பெயர் இருந்தது. பிறப்புச் சான்று இல்லை, வீட்டில் நடந்த பிரசவம். "அப்ப நேர்ல வந்து விசாரிப்போம். அக்கம்பக்கம், சொந்தக்காரங்க எல்லாரையும் இருக்கச் சொல்லுங்க" என்றார்கள்.

ஒரே மகள், இதில் விசாரிக்க என்ன இருக்கிறது என்றது தெரு.

விசாரிக்க இருந்தது. பெரிய கண்ணாடிக்குக் கல்யாணமே ஆகவில்லை. பிள்ளையும் பிறக்கவில்லை. அவளுடைய அண்ணன் வேலை இல்லாமல் இருந்த காலத்தில் அவர் மனைவிக்கு மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தது. தங்கை போய்ப் பார்த்தாள், தூக்கினாள், கீழே வைக்கவில்லை. கொடுத்தார்கள். யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாது என்று குழந்தையோடு முன்பின் தெரியாத இந்த ஊருக்கு வந்து, புருஷன் செத்துப் போனதாகச் சொல்லி, ஒரு கண்ணாடிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். அண்ணனைக் குழந்தைக்கு மாமா என்று சொல்லிக் கொடுத்தாள், அண்ணியை அத்தை என்று. பெற்றவர்களும் மாமாவாகவும் அத்தையாகவும் வருஷத்துக்கு ஒருமுறை வந்து, புதுத்துணி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

சின்னக் கண்ணாடிக்கு இது தெரியவந்தது ஜெராக்ஸ்காரம்மாவால். மாமா மகன் ஒரு வாரம் வந்து தங்கியிருந்தபோது அவள் எதிர்க்கடையிலிருந்து, "என்னடி, முறைப்பையன் ரெண்டு வேளையும் கடையில உக்காந்திருக்கான்? கண்ணாடி வாங்கவா, உன்னைப் பாக்கவா?" என்று கத்தினாள். தெருவே சிரித்தது. அன்று மத்தியானம் அம்மா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒரு கண்ணாடியை அளந்துகொண்டே, "அவன் உன் கூடப் பிறந்தவன். அந்தப் பேச்சு வேணாம்" என்றாள். பிறகு அளவைச் சொன்னாள். மகள் எழுதிக்கொண்டாள். அம்மா எதையும் இரண்டாவது தடவை சொல்கிறவள் இல்லை.

விஷயம் அதற்கப்புறம் எங்கும் போகவில்லை. அந்த மாமா மகனுக்கே இன்றுவரை தெரியாது.

போன வருஷம் அம்மாவுக்கு ஒருமுறை நெஞ்சு வலித்தது. அப்போது உயிலுக்காகப் பத்திரம் எழுதுகிறவரிடம் போனாள், மகளும் கூடப் போனாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "மகள்னு மட்டும் போட்டா நாளைக்கு யாராவது கிளறினா வம்பும்மா. வளர்ப்பு மகள்னு ஒரு வார்த்தை சேத்துக்கறேன். அப்புறம் யாராலயும் அசைக்க முடியாது" என்றார்.

"அந்த வார்த்தை இல்லாம எழுத முடியாதா?"

"எழுதலாம். ஆனா கெட்டியா இருக்காது."

அம்மா எழுந்துவிட்டாள். கடைக்கு வந்து பின்னறை வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "உயிலெல்லாம் பிள்ளை இல்லாதவங்க எழுதறது" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை எழுதவிடாமல் மகள் என்ற சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். அதன் பலனைத்தான் இன்றைக்கு மகள் அனுபவித்தாள். பத்திரம் எழுதுகிறவரிடம் போன வாரம் மறுபடி போய்க் கேட்டபோது அவர் சுற்றி வளைக்கவில்லை. புருஷன் இல்லை, பெற்ற பிள்ளை இல்லை, தாய் தகப்பன் இல்லை என்றால், கூடப் பிறந்தவர்களுக்கு. முறைப்படி தத்து எடுக்காமல் வளர்த்த பெண்ணுக்கு ஒன்றுமில்லை.

கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர். பெரிய மாமா அவளைப் பெற்றவர், அவரைப் பற்றிக் கவலையில்லை. கவலை சின்ன மாமா. கப்பலில் சமையல்காரராக இருந்து பாதி ஆயுளைத் தண்ணீரில் கழித்தவர். ஊருக்கு வந்த ஒரு விடுமுறையில் தாய் தகப்பன் இருந்த வீட்டை யாரையும் கேட்காமல் விற்றார். அதிலிருந்து அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சில்லை. குழந்தை கைமாறியபோது அவர் கப்பலில் இருந்தார். அக்கா எங்கோ யாரையோ கல்யாணம் செய்து விதவையானாள் என்று மற்றவர்களைப் போல அவரும் கேள்விப்பட்டிருந்தார். நம்பினாரா என்பது தெரியாது. சாவுக்கு வந்தவர் கடையின் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், "கடைத்தெரு இடம் இல்ல?" என்று ஒன்று சொல்லிவிட்டுப் போனார். முந்தாநாள் போன் செய்து, "விசாரணைக்கு நானும் வர்றேன்" என்றார். ஏன் என்று கேட்கும் தைரியம் இவளுக்கு இல்லை.

பெரிய மாமாவும் அத்தையும் காலையிலேயே வந்துவிட்டார்கள். மாமா பள்ளிக்கூட வேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. வந்ததிலிருந்து பின்னறைக் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அத்தை தம்ளர்களைத் துலக்கினாள், ஏற்கெனவே துலக்கியவை.

"என்னைக் கேட்டா நான் என்ன சொல்லணும்?" என்றாள் அத்தை, முதுகைத் திருப்பிக்கொண்டே.

"நாத்தனார் பொண்ணுன்னு சொல்லுங்க அத்தை."

"அவ்வளவுதானே. அது எனக்குப் பழக்கம்தான்."

தம்ளர் தம்ளரோடு இடித்துச் சத்தம் போட்டது.

"நீங்க?" என்று அத்தை கட்டில் பக்கம் திரும்பினாள். "நீங்க வாயே திறக்காதீங்க. கேட்டதுக்கு ஆமா, இல்ல. அதுக்கு மேல ஒரு எழுத்து வேணாம்."

"நான் எப்பப் பேசியிருக்கேன்?" என்றார் மாமா.

சின்ன மாமா தோளில் பையோடு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. குரல் மட்டும் இன்னும் இன்ஜின் சத்தத்துக்கு மேல் கேட்கிற மாதிரி. "அண்ணி, எப்படி இருக்கீங்க? அண்ணனுக்கு இன்னும் முழங்கால்தானா? மாத்தக் கூடாதா வேற எதையாவது?" என்று சிரித்தார். பையை முக்காலியில் வைத்தார். அம்மா கடைசியாக உட்கார்ந்த முக்காலி. சின்னக் கண்ணாடி பையை எடுத்துத் தரையில் வைத்தாள். அவர் கவனித்தார்.

"முன்பக்கம் எத்தனை அடி இருக்கும்?"

"பன்னெண்டு மாமா."

"அளந்த பன்னெண்டா, சொல்ற பன்னெண்டா?"

"அளந்தது."

"அக்கா அளந்தா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, சுவரில் சாய்த்து வைத்திருந்த பெரிய கண்ணாடித் தகட்டின் முன் நின்று தலையைக் கோதிக்கொண்டார். அந்தத் தகட்டில் கடை முழுக்கத் தெரிந்தது. அவர் தன்னைப் பார்க்கிறாரா, தன் பின்னால் நிற்பவர்களைப் பார்க்கிறாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

விசாரணைக்கு வந்தவர் ஒரு பெண். சின்ன உருவம், ஜலதோஷம், கையில் ரப்பர் பட்டை போட்ட கோப்பு. உள்ளே வந்ததும் தரையைப் பார்த்து, "செருப்போட வரலாம்ல? கண்ணாடி குத்துமே" என்றாள்.

"வாங்க மேடம். நாங்களே இங்க செருப்பைக் கழட்ட மாட்டோம்."

"சீக்கிரம் முடிச்சிரலாம். அடுத்த தெருவுல இன்னொரு சாவு இருக்கு." சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்க. வேலைப் பேச்சு. அப்படியே வந்துருது."

மேசைக்கு முன் நாற்காலி போட்டார்கள். மின்விசிறி காகிதத்தைத் தூக்கியது. நிறுத்தினால் வெக்கை. அது ஓடட்டும் என்று கோப்பின் மேல் ஒரு தடித்த கண்ணாடித் துண்டை வைத்தார்கள்.

முதலில் அக்கம்பக்கம். ஜெராக்ஸ்காரம்மா ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்: தாயும் மகளும் மட்டும், வருஷத்துக்கு ஒருமுறை அண்ணன் குடும்பம் வரும், வேறு யாரும் வந்து போனதில்லை, தங்கமான மனுஷி, ஒரு பிரதி எடுத்தாலும் காசைக் கையில் வைத்துவிட்டுத்தான் போவாள். அடுத்தது ஆணிக்கடைக்காரர். தெருவிலேயே பழைய ஆள். கூப்பிடாமலே முன்னால் வந்து நின்றார்.

"மேடம், நான் சொல்றதை எழுதிக்குங்க. பெரிய கண்ணாடி இந்தத் தெருவுக்கு வந்தப்போ நிறைமாசம். ராத்திரி வலி எடுத்துது. நான்தான் வண்டி பிடிச்சு ஏத்தி விட்டேன். இந்தக் கையால."

சின்னக் கண்ணாடிக்குத் திக்கென்றது. இந்தத் தெருவுக்கு வந்தபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

"என்ன உளர்றீங்க?" என்றாள் ஜெராக்ஸ்காரம்மா. "கைக்குழந்தையோட வந்தா. இந்தக் கடைவாசல்ல தவழ்ந்து வந்து உங்க ஆணிப்பெட்டியில கையை விட்டுச்சுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"அதுவும் நடந்துது."

"அப்ப வண்டி?"

"வண்டியும் பிடிச்சேனே. யாருக்குப் பிடிச்சேன்?"

"உங்க பொண்டாட்டிக்கா இருக்கும். அதையாவது ஞாபகம் வெச்சுக்கங்க."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். மேடமும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இதை எழுதவா, வேணாமா?"

"எழுதாதீங்க மேடம்" என்றார் ஆணிக்கடைக்காரர், தாழ்ந்த குரலில். "ஆனா அவ பொண்ணுதான். அதுல மாத்தமில்ல."

உதவி செய்ய வந்தவர் கிளப்பிவிட்டுப் போன தூசி அப்படியே நின்றது. மேடம் பேனாவால் காகிதத்தைத் தட்டினாள். "கைக்குழந்தையோடதான் வந்தாங்கன்னா, பிரசவம் எங்க?"

சின்ன மாமா முகத்தைத் திருப்பி அண்ணனைப் பார்த்தார்.

"எங்க வீட்டுல" என்றார் பெரிய மாமா.

"நீங்க?"

"அண்ணன். செத்துப்போனவளோட அண்ணன்."

"உங்க வீட்டுலதான் இவங்க பிறந்தாங்களா?"

"ஆமா."

"கூட யார் இருந்தா?"

"நான் இருந்தேன் மேடம்" என்றாள் அத்தை. "கூடவே இருந்தேன்."

மேடம் எழுதினாள். சின்னக் கண்ணாடி கண்ணாடித் தகட்டைப் பார்த்தாள். அதில் அத்தையின் முகம் தெரிந்தது. ஒரு மாற்றமும் இல்லை. இதுவரை சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை என்று அவளுக்கு உறைத்தது. இப்படியே முடிந்துவிட்டால் போதும்.

"சாட்சி சொல்றவங்க விவரமும் வேணும். வழக்கமா கேக்கறதுதான்." மேடம் தாளைத் திருப்பினாள். பெயர், வயது, விலாசம். மாமா சொல்லச் சொல்ல எழுதினாள். வேன் ஓட்டினதா, எந்தப் பள்ளிக்கூடம் என்றெல்லாம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே, தலை நிமிராமல், "பிள்ளைங்க எத்தனை?" என்றாள்.

"மூணு" என்றார் பெரிய மாமா.

விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மேடம் மூன்று என்று எழுதிவிட்டு, "பேர் சொல்லுங்க" என்றாள்.

மாமா மகன் பெயரைச் சொன்னார். மூத்த மகள் பெயரைச் சொன்னார். அதோடு நின்றுவிட்டது. வாய் திறந்தபடி இருந்தது. கை முழங்காலைத் தேடியது.

"மூணாவது?"

கடை, ஷட்டர், கம்பளி விரித்த மேசை, பின்னறைக் கட்டில், பரண்மேல் அம்மாவின் பழைய கட்டர்கள், எல்லாம் அந்த ஒரு வார்த்தைமேல் நின்றன. சின்ன மாமா இப்போது அண்ணனைப் பார்க்கவில்லை. இவளைப் பார்த்தார். நெற்றி, மூக்கு, மறுபடி நெற்றி. சந்தையில் மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"மூணாவது தவறிடுச்சு மேடம்" என்றாள் அத்தை.

மேடம் நிமிர்ந்தாள்.

"பொம்பளப் பிள்ளை. பிறந்து கொஞ்ச நாள்லயே. இவர் இன்னும் மூணுன்னுதான் சொல்வாரு. எத்தனை தடவை சொல்லியாச்சு."

"எப்ப அண்ணி?" என்றார் சின்ன மாமா.

"நீங்க கப்பல்ல இருந்தப்ப."

"எனக்கு யாரும் சொல்லலையே."

"என்னன்னு சொல்றது உங்களுக்கு? நடுக்கடல்ல இருக்கற மனுஷனுக்கு." அத்தை அவரை நேராகப் பார்த்தாள். கண் இமைக்கவில்லை. "போனது போச்சு தம்பி. திரும்பியா வரப் போகுது?"

யாரோ வாசலில் உச்சுக் கொட்டினார்கள். ஜெராக்ஸ்காரம்மாவாக இருக்கும். மேடம் மூன்றை அடித்து இரண்டு என்று எழுதினாள். "அம்மா, இதுல ஒரு சின்னக் கையெழுத்து. திருத்தியிருக்கேன்ல" என்றாள். அத்தை குனிந்து, அடித்த இடத்துக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுத்தெழுத்தாக எழுதினாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது சின்னக் கண்ணாடியின் கை குறுக்கே இருந்தது. அத்தை அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய்ப் பேனாவை வைத்தாள்.

"நீங்க?" மேடம் சின்ன மாமாவிடம் கேட்டாள். "தம்பிதானே? உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா? இறந்தவங்களுக்கு இவங்க ஒரே மகள்தானா?"

அவர் பையைத் தரையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பையின் வாரை இழுத்தார், விட்டார்.

"நான் ஊர்ல இல்லாதவன் மேடம். பாத்தது கொஞ்சம். பாத்த வரைக்கும் இந்தப் பொண்ணு அவளைத்தான் அம்மான்னு கூப்பிட்டுச்சு."

"அது போதும்."

"போதுமா?"

"எங்களுக்கு அதான் வேணும்."

கடைசியாக மேடம் சின்னக் கண்ணாடியிடம் திரும்பினாள். "வாங்க. உங்ககிட்ட ஒரே கேள்விதான். இறந்தவங்க உங்களைப் பெத்த அம்மா. சரிதானே?"

அத்தை சுவரோரம் நின்றிருந்தாள். மாமா தரையைப் பார்த்தார்.

"ஆமா" என்றாள்.

"என்ன? இந்த விசிறிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

ஒரு தடவை சொன்னது போதாதா என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. மேசைமேல் கட்டர் கிடந்தது. காலையில் வீணாக்கிய கண்ணாடியின் வளைந்த துண்டு டப்பாவிலிருந்து நீட்டிக்கொண்டு தெரிந்தது. ஏதோ ஒன்று இப்போது குறுக்கே ஓடி உடையும் என்று எதிர்பார்த்தபடி, குரலை உயர்த்தி, இரண்டாவது தடவை சொன்னாள்.

"ஆமா மேடம். பெத்த அம்மா."

எதுவும் உடையவில்லை. மேடம் ஒரு தும்மல் போட்டுவிட்டு எழுதினாள்.

போகும்முன் அறிவிப்பு ஒன்றைக் கொடுத்தாள். கடை வாசலில் ஒட்டி வைக்க வேண்டும். இறந்தவருக்கு இன்னார் மட்டுமே வாரிசு என்று மனு வந்திருக்கிறது, யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் மாதக் கடைசிக்குள் அலுவலகத்தில் தெரிவிக்கலாம். "யாரும் வர மாட்டாங்க. இருந்தாலும் ஒட்டணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருச் சாவுக்கு நடந்தாள்.

கூட்டம் கலைந்தது. சின்ன மாமா, பக்கத்தில் ஒரு விடுதியில் அறை எடுத்திருப்பதாகவும் காலையில் பஸ் என்றும் சொன்னார். "இங்கயே படுங்களேன் மாமா" என்று இவள் சொன்னது அவளுக்கே ஒப்புக்குச் சொன்னது போலக் கேட்டது. அவர் வாசல் வரை போய்த் திரும்பினார்.

"மாசக் கடைசின்னா, இன்னும் நாள் இருக்குல்ல?"

"இருக்கு மாமா."

"ம்" என்றார். போய்விட்டார்.

பின்னறையில் அத்தை மாமாவைப் பிடித்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "இத்தனை வருஷம் வாயைத் திறக்காத மனுஷன். திறக்கறதுக்கு இன்னிக்குத்தான் நாள் கிடைச்சுதா? ஆமா, இல்ல. ரெண்டு வார்த்தை சொல்லிக் குடுத்தேன். மூணாவது வார்த்தை யார் கேட்டா?"

"கேட்டாங்க. சொல்லிட்டேன்."

"ரெண்டுன்னு சொல்றதுக்கு என்ன?"

"வண்டியில பிள்ளைங்களை ஏத்தும்போது எண்ணுவேன்ல. ஏத்தும்போது ஒரு தடவை, இறக்கும்போது ஒரு தடவை. எண்ணிக்கை குறைஞ்சா வண்டியை எடுக்க மாட்டேன்." அவர் முழங்காலைப் பார்த்துச் சொன்னார். "வீட்டுலயும் அப்படித்தான் எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன் போல. எனக்கே தெரியல."

அத்தை தம்ளர்களை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். சின்னக் கண்ணாடி பின்னால் போய் நின்றாள்.

"நான் துலக்கறேன் அத்தை. விடுங்க."

"இருக்கட்டும்."

"அத்தை."

"என்ன?"

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை கடைசித் தம்ளரைக் கவிழ்த்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "உன் சின்ன மாமன் நம்பலை" என்றாள்.

"தெரியும்."

"ஆனா கேட்டுட்டு உக்காந்திருந்தான் பாரு. எந்திரிச்சுக் கத்தலை. அதை நினைச்சுக்க." கொஞ்சம் நின்று, "ஒருவேளை நாளைக்குக் கத்துவானோ என்னமோ" என்றாள்.

சாயங்கால வண்டிக்கு இருவரும் கிளம்பினார்கள். வழக்கம்போல மாமா சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அவள் கையில் திணித்தார். வழக்கம்போல அவள் வேண்டாம் என்றாள். அத்தை தெருமுனை வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். மாமா இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் வழக்கமான நேரத்துக்கு ஷட்டரைத் தூக்கினாள். அறிவிப்பை வாசல் கண்ணாடிக் கதவில் கண்மட்டத்துக்கு ஒட்டினாள். பசை போதாமல் வலதுபக்கக் கீழ்மூலை தூக்கிக்கொண்டு நின்றது. ஜெராக்ஸ்காரம்மா வந்து படித்துவிட்டு, எழுத்து மங்கலாக இருக்கிறது, தன்னிடம் கொடுத்திருந்தால் கறுப்பாகப் பிரதி எடுத்துக் கொடுத்திருப்பேன் என்றாள். ஆணிக்கடைக்காரர் வரவில்லை.

சின்ன மாமா தோளில் பையோடு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று அறிவிப்பை மேலிருந்து கீழே வரை படித்தார். படித்து முடித்தும் நின்றார். அவள் மேசைக்குப் பின்னால் அளவுகோலைப் பிடித்தபடி இருந்தாள், எந்த அளவும் எடுக்கவில்லை. கதவின் அந்தப் பக்கம் அவர் கை உயர்ந்தது. தூக்கிக்கொண்டு நின்ற மூலையைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். ஒட்டிக்கொண்டதா என்று பார்த்தார். பிறகு பஸ் நிலையம் இருந்த பக்கம் போனார்.

பத்து மணிக்கு மீன்தொட்டிக்குக் கண்ணாடி கேட்டு ஒருவர் வந்தார். வெட்டிக் கொடுத்தாள். நான்கு பக்கமும் சரியாக வந்தது.

மத்தியானம் அத்தை போன் செய்து, ஊர் வந்து சேர்ந்ததைச் சொன்னாள். மாமாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

"சாப்பிட்டேன் அத்தை" என்றாள். இன்னும் சாப்பிடவில்லை.

மாதம் முடிய நாள் இருந்தது. சாயங்காலம் மூலை மறுபடி தூக்கிக்கொண்டது. அவள் பசை கொண்டு வந்து ஒட்டினாள்.